விஷக்காரர்

எங்கள் ஊரில் பயிருக்கு ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூட அடிக்காத ஒரே ஆளுக்கு நாங்கள் வைத்த பேர் விஷக்காரர். கேட்கிறவர்களுக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பேரை அவர் தன் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டார்.

கிளியனூரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு முக்கால் ஏக்கர். வெண்டை, கத்தரி, மழையைப் பார்த்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பக்கத்து நிலத்தில் அவர், குத்தகைக்கு. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வரப்பு. அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் பதினோரு வருஷம் நான் பட்ட பாட்டைப் பெருமாள்தான் அறிவார்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஊர் எப்படிப் பேசுகிறதோ அப்படித்தான் பேசுவேன். பூச்சிக்கு அடிக்கிறதை என் அப்பா மருந்து என்றார், உரக்கடைக்காரர் மருந்து என்கிறார், நானும் மருந்து என்றேன். இதில் என்ன தப்பு இருக்கிறது? ஸ்பிரே அடிக்க வருகிற ஏழுமலை ஒருநாள் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, டேங்குக்கு எத்தனை மூடி மருந்து ஊற்றுவது என்று என்னைக் கேட்டான். வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது.

"யாருக்குப்பா ஒடம்பு செரியில்ல?"

நான் வெள்ளந்தியாக, யாருக்கும் ஒன்றும் இல்லை அண்ணே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறோம் என்றேன்.

"அப்பறம் மருந்து எதுக்கு?"

"வெண்டைக்குண்ணே."

"வெண்டைக்கு இன்னா, காய்ச்சலா? பூச்சியக் கொல்றதுக்கு ஊத்தறது மருந்தாப்பா? அதும் பேரு இன்னாவோ அதச் சொல்லிட்டு அடி. அடிக்காதன்னு நான் சொல்லல."

அதுதான் அவரிடம் பெரிய பேஜாரு. அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் நிலம், என் இஷ்டம் என்று சண்டைக்குப் போயிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவே மாட்டார். பேரைச் சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார். சொல்கிற வரைக்கும் நகரமாட்டார். வெயில் ஏறுகிறது, ஏழுமலைக்கு அடுத்து இன்னொருவர் நிலத்துக்குப் போகவேண்டும். கடைசியில் அவன்தான் பொறுமை இழந்து, "சரிண்ணே, விஷம். எத்தினி மூடி விஷம் ஊத்தறதுன்னு கேட்டேன், போதுமா?" என்றான்.

"ஆங். இப்ப அடி," என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கலக்கிய டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடிக்கவும் மனசில்லை, கொட்டவும் மனசில்லை. அடித்துவிட்டுத்தான் வந்தோம். அன்று சாயங்காலமே டீக்கடையில் ஏழுமலை அவருக்குப் பேர் வைத்துவிட்டான்.

அவரை மடக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் எட்டு மணிக்கு வரப்பில் உட்கார்ந்து கேப்பைக்கூழைக் குடிப்பார், சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போடுவார். ஒருநாளும் தவறமாட்டார். நான் ஒருநாள் கேட்டேன், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறீர்கள், நீங்கள் மட்டும் மாத்திரை போடலாமா என்று. அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு வியாதி இருக்குது, மருந்து தின்றேன். இதாம்பா மருந்து. மூணு வேளையும் வெள்ளச்சோறாத் தின்னு நானா வாங்கிக்கினது. கேப்பைக்கு மாறினேன்னு நர்சம்மா கிட்ட சொன்னேன், நல்லதுங்க, மாத்திரைய நிறுத்திடாதீங்கன்னாங்க. நிறுத்தல. உன் வெண்டைக்கு எந்த நர்சு எழுதிக் கொடுத்தாங்க?"

அதோடு மடக்குகிற ஆசையை விட்டேன்.

அவருடைய நிலத்தைப் பார்த்தால் ஆளில்லாத வீட்டுத் தோட்டம் மாதிரி இருக்கும். டிராக்டரை உள்ளே விடுவதில்லை. வைக்கோல், கரும்புச் சோகை, மாட்டுக்குப் போடவேண்டிய மல்லாட்டைக் கொடி எல்லாவற்றையும் கொண்டுவந்து மண்மேல் பரப்பி வைப்பார். கேப்பைக்கு நடுவில் அவரை, அவரைக்கு ஓரத்தில் ஆமணக்கு, அங்கங்கே பூசணி, செண்டுப்பூ. எங்கே எது இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால், "மண்ணு வெய்யில்ல அம்மணமாக் கெடக்கக் கூடாது. நீ துணி இல்லாம ரோட்டுல நடப்பியா?" என்பார். அந்த வைக்கோலுக்குள் இருந்து ஒருமுறை சாரைப்பாம்பு ஒன்று என் நிலத்துக்கு வந்துவிட, என் மனைவி பம்புசெட்டுத் தொட்டியின்மேல் ஏறி நின்று கத்தினாள். இவர் ஓடிவந்து பாம்புக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சாணி, மாட்டுக் கோமியம், வெல்லம் எல்லாம் போட்டுத் தினமும் கலக்குவார். வெள்ளிக்கிழமை மோட்டார் கொட்டாயில் நான் சூடம் ஏற்றினால் அந்த வாசனையை அவர் டிரம் தின்றுவிடும். முதல் இரண்டு வருஷம் அவருக்கு ஒன்றும் சரியாக விளையவில்லை. கேட்டதற்கு மண்ணு லீவுல இருக்குது என்றார். மனுஷனுக்கு வருத்தம் என்பதே கிடையாது. மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் என் மேல்மண் கரைந்து வரப்பைத் தாண்டி அவர் நிலத்துக்குப் போய்விட்டது. அவருடையது ஒரு பிடி நகரவில்லை. மழை விட்ட மறுநாள் கூடையோடு வந்து நின்றார். "உன் மண்ணு எங்கூட்டுக்கு விருந்துக்கு வந்துட்டுது. அனுப்பிவிடட்டுமா, வெச்சிக்கட்டுமா?" சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு நாள் அந்த மண்ணைக் கூடையில் சுமந்து எனக்குத் திருப்பிக் கொட்டினார். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

திண்டிவனம் சந்தைக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பக்கத்துப் பக்கத்தில் சாக்கு விரிப்போம். என் வெண்டை ஒரே அளவில், பளபளவென்று இருக்கும். அவருடைய அவரையில் அங்கங்கே ஓட்டை. அந்த ஓட்டையை விரலால் காட்டி, "புழுவே தின்னு பாத்து சரின்னு சொன்ன காய்மா இது," என்று விற்பார். சில பேர் வாங்குவார்கள். அன்றைக்கு ஒரு டீச்சரம்மா அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, பையில் இரண்டு கிலோ போட்டுக்கொண்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் ஆள் ஒருவன் பைக்கில் போகிறபோக்கில், "இன்னா விஷக்காரரே, வியாபாரம் எப்படிப் போவுது?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

டீச்சரம்மாவின் கை அப்படியே நின்றது. பையைக் கவிழ்த்தார். எதுவும் அடிக்காததால்தான் தனக்கு இந்தப் பேரு என்று இவர் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்த அம்மா ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் என் வெண்டையை வாங்கிக்கொண்டு போனார். முந்தாநாள் டேங்க் பார்த்த வெண்டை. பத்து மணிக்கெல்லாம் என் சாக்கு காலி. அவருடையது அப்படியே இருந்தது.

திரும்பிவரும்போது பஸ்ஸில் நான்தான் வாயைக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் என் காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா உன் சாக்கு காலியாயிருக்காது. உன் காய்க்கு நீ பேரு சொல்லணும், நான் சொல்லக்கூடாது," என்றார். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். அந்த ஒரு பேச்சுக்கு எனக்கு வீடு வரைக்கும் தூக்கம் வரவில்லை.

இப்போது அவர் ஊரில் இல்லை. நிலத்துக்காரர்கள் அந்த இடத்தை வீட்டுமனை போட்டு விற்றுவிட்டார்கள். பதினோரு வருஷம் மூடிவைத்த மண்ணின்மேல் செம்மண் கொட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டிருக்கிறார்கள். அவரை விழுப்புரத்துக்கு மகள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போன வருஷம் அங்கே ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்குகிற வரிசையில் பார்த்தேன். எனக்கும் இப்போது சர்க்கரை. அவர் வரிசையில் முன்னால் நின்றவரிடம், வீட்டில் எந்தக் காய் வாங்குகிறீர்கள், அதை விளைவித்தவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் வரிசையை விட்டுப் போய் டீ குடித்துவிட்டுக் கடைசியில் வந்து நின்றார்.

மகள் வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். மாடியில் தொட்டிகளில் கீரை போட்டிருந்தார். அவர் கீரை பறிக்கப் போன நேரத்தில்தான் அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. மிச்சமிருந்த பூச்சிமருந்தை இவர் ஒரு இருமல் டானிக் பாட்டிலில் ஊற்றி மாடத்தில் வைத்திருக்கிறார். இவருடைய அப்பாவுக்கு இருமல். மருந்து எங்கடா என்று கேட்டிருக்கிறார். இவர் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி, மருந்து மாடத்துல இருக்குதுப்பா என்று சொல்லியிருக்கிறார். கடையிலிருந்து வாங்கிவந்த டானிக் பலகைமேல் இருந்திருக்கிறது, மாடத்தில் இருந்தது இது. இவர் மனசில் எந்த மருந்து ஓடியதோ. அதைக் குடித்த பெரியவர் பிழைத்துவிட்டார். ஆனால் குரல் போய்விட்டது. அதற்குப்பிறகு ஆறு வருஷம் இருந்தாராம், கையைத் தட்டித்தான் மகனைக் கூப்பிடுவாராம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றே விஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனே! பதினோரு வருஷம் வெயிலில் நிற்கவைத்து வார்த்தை வாங்கின மனுஷர் இந்தக் காரணத்தை ஒரு தடவை சொல்லவில்லை. கீரைக்கட்டோடு இறங்கி வந்தவரிடம் நானும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் நிலத்தில் பாதியில் இப்போது எதுவும் அடிப்பதில்லை. மீதிப் பாதியில் அடிக்கிறேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பாதி எப்படி வந்தது என்றால், ஒரு புரட்டாசி மாதத்தால் வந்தது. அவர் ஊரைவிட்டுப் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

என் சின்ன மகள் பிறந்தபோது மூச்சுவிட முடியாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டால், எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானம் அத்தனைக்கும் என் நிலத்துக் காய் என்று வேண்டிக்கொண்டேன். வந்தாள். அன்றிலிருந்து ஒரு புரட்டாசிச் சனிக்கிழமைகூட நான் தவறியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் காய் போடுகிற அநேகம் பேர் நிலத்தில் இருக்கிற சங்கதிதான் இது. வீட்டுக்கென்று தனியாக ஒரு வரிசை இருக்கும். அதில் அடிக்கமாட்டோம். எனக்கு மோட்டார் கொட்டாய் ஓரத்தில் இருந்தது. யாரும் இதைப் பேசுவதில்லை. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாகவேண்டும், விட்டால் முற்றி விறகாகிவிடும். அடித்தபிறகு இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று டப்பாவில் போட்டிருக்கிறதைப் பார்த்தால் வியாபாரம் நடக்காது. அதனால் விற்கிறது ஒரு வரிசை, தின்கிறது ஒரு வரிசை.

அந்தப் புரட்டாசியில் காய்ப்புழு அதிகம். வியாழக்கிழமை டேங்க் போட்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறித்தோம். முதல் சனிக்கிழமை காலை, குளித்து நாமம் போட்டு, இரண்டு மூட்டையை வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வரப்பில் வந்து நின்றார்.

"சாமிக்கு எந்த வரிசையில பறிச்ச?"

"அண்ணே, விரதமாக் கெளம்பறேன். காலங்காத்தால வாயக் கெளறாதீங்க. சாமிக்கு எல்லா வரிசையும் ஒண்ணுதான்."

"சாமிக்கு ஒண்ணுதான்," என்றார். அதற்குமேல் பேசாமல் டிரம்மைக் கலக்கப் போய்விட்டார். மேலே ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

மத்தியானம் பந்தி. காய் கொடுத்தவன் கையால் பரிமாறுவது எங்கள் ஊர் வழக்கம். வெண்டைப் பொரியல் வாளியோடு முதல் வரிசையைத் தொடங்கினேன். சின்னவள் அப்போது மூன்றாவது படித்தாள், பள்ளிக்கூடத்துப் பெண்களோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் நாலு இலை தள்ளி இருக்கும்போது என் மனைவி பின்னாலிருந்து வந்து குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வா, வூட்ல போய் சாப்டுக்கலாம்."

"எனக்கு இங்கதான் வேணும்."

"வயித்த வலிக்குதுன்னு சொன்ன இல்ல?"

"நான் எங்கம்மா சொன்னேன்?"

இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. வியாழக்கிழமை டேங்குக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். மற்றப் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் இலைகளில் வைத்தேன். எப்படி வைத்தேன் என்று கேட்டால் தெரியாது, கை பழக்கத்தில் வைத்தது. வரிசையின் முடிவில் அவர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை என்று கோயில் சோற்றுக்கே வராத மனுஷர். அவர் இலையைத் தாண்டினேன்.

"தம்பி, எனக்குப் போடல."

நான் குனிந்து, உங்களுக்கு வேண்டாம் அண்ணே என்று மெதுவாகச் சொன்னேன்.

"புள்ளைங்கல்லாம் சாப்புடுதுங்க. நான் மட்டும் இன்னா ஒசத்தியா? போடு."

போட்டேன். என் கண்ணெதிரில் எடுத்து வாயில் வைத்து, பல் இருக்கிற பக்கம் ஒதுக்கி, நிதானமாக மென்றார். பக்கத்து இலையில் முன்பல் விழுந்த ஒரு குட்டிப்பெண் இலையைத் தட்டி எனக்கு என்றாள். கரண்டி வாளிக்குள் போனது, வெளியே வரவில்லை. நெற்றியில் நாமத்தோடு, பெருமாள் சன்னதிக்கு எதிரில், நான் சத்தமாகச் சொன்னேன்.

"யாரும் சாப்புடாதீங்க. பொரியல்ல பல்லி விழுந்து கெடக்குது."

பிறகு நடந்ததைக் கேட்கவேண்டாம். இலைகளை மடித்தார்கள். பல்லி என்ற பேரைக் கேட்டே இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தன. ஊர் நர்சம்மா ஓடிவந்து எல்லாரையும் பார்த்து, உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஒன்றுமில்லை என்றார். யாராவது பல்லியைத் தேடுவதற்குள் நான் ஜல்தியாக அண்டாவோடு இழுத்துக்கொண்டு போய்க் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன்.

திரும்பி வந்தால் தர்மகர்த்தா சமையல்கார தனம் அக்காவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல வருஷமாக அந்தக் கோயிலில் சமைக்கிறவர். மூடி போடாமல் என்ன செய்துகொண்டிருந்தாய், அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தர்மகர்த்தா கத்த, நான் மூடித்தான் வைத்தேன் சாமி என்று அந்த அக்கா அழுதார். நான் வாளியோடு நின்றேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு விஷக்காரர் வந்தார். "அந்தம்மாவ ஏன் திட்றீங்க? உப்பு பாக்கறதுக்கு நான்தான் மூடியத் தொறந்தேன். திருப்பி மூடல."

தர்மகர்த்தா அவரைப் பேசிய பேச்சைக் கோயில் சமாச்சாரத்தில் எழுதக்கூடாது. உன்னை யார் உள்ளே விட்டது என்றார், இனி சமையல் கொட்டாய்ப் பக்கம் கால் வைக்காதே என்றார். இன்னும் என்னென்னவோ. அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். தனம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தை மூடப் போனார்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் பக்கத்தில் நடந்தார். ஏரிக்கரை வந்ததும் மன்னிச்சிக்கங்கண்ணே என்றேன். அவர் ஒரு ஈர்க்கை ஒடித்துப் பல்லைக் குத்திக்கொண்டு, விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"புரட்டாசில இன்னும் மூணு சனிக்கெழம இருக்குது. மூணு பல்லிக்கு எங்கப்பா போவ?"